இரண்டாவது மிட்டாய் வருமா?

மேசைமேல் ஒரு தட்டு, தட்டில் ஒரு தின்பண்டம், பக்கத்தில் தட்டினால் ஒலிக்கும் சின்ன மணி. எதிரே நாற்காலியில் நான்கு வயதுக் குழந்தை. "நான் வெளியே போய்விட்டு வருகிறேன். நானாகத் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் உனக்கு இரண்டு கிடைக்கும். பொறுக்க முடியவில்லை என்றால் மணியை அடி, உடனே வந்துவிடுவேன். ஆனால் ஒன்றுதான்." இப்படிச் சொல்லிவிட்டு ஆய்வாளர் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார். குழந்தை தட்டைப் பார்க்கிறது. பிறகு கூரையைப் பார்க்கிறது. கண்ணைப் பொத்திக்கொள்கிறது, தனக்குத்தானே பாடுகிறது, தின்பண்டத்தை மோந்து பார்த்து மறுபடியும் தட்டிலேயே வைக்கிறது.

இது நடந்த இடம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் பிங் பாலர் பள்ளி. காலம் 1960களின் பிற்பகுதியும் 1970களின் தொடக்கமும். நடத்தியவர் உளவியலாளர் வால்டர் மிஷெல். 'மார்ஷ்மெல்லோ சோதனை' என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. தட்டில் எப்போதும் மார்ஷ்மெல்லோதான் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பிஸ்கட்டும் உப்புப் பிரெட்செலும் பலமுறை இருந்தன.

நகரத்துப் பெற்றோரில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் இன்று குறைவு. பெற்றோர் கூட்டத்துக்கு அழைக்கப்படும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டார். வாட்ஸ்அப்பிலும் அவ்வப்போது சுற்றி வரும். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பிலும் வாழ்க்கையிலும் ஜெயித்தார்கள், பொறுக்காமல் தின்றவர்கள் பின்தங்கினார்கள் என்று கதை முடியும். கேட்டவர்களில் சிலர் அன்று மாலையே வீட்டில் ஒரு குழந்தையை உட்காரவைத்து முன்னால் மிட்டாயை வைப்பார்கள். நானும் வைத்தேன், அக்கா மகனுக்கு. நிபந்தனையை முழுக்கக் கேட்டுவிட்டு அவன், "ரெண்டாவது எங்க இருக்கு மாமா? மொதல்ல காட்டுங்க" என்றான். அப்போது சிரித்துவிட்டேன். அது எவ்வளவு நல்ல கேள்வி என்று பிறகு இந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் உறைத்தது.

ஓர் அறைக்குள் சில குழந்தைகளிடம் கண்டதை வெளியே இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும், எல்லா வீடுகளுக்கும், எல்லா நாடுகளுக்கும் பொருத்திச் சொல்வதைப் பொதுமைப்படுத்தல் என்கிறோம். அறிவியலுக்கு அது இல்லாமல் ஆகாது. இரும்பு இங்கே உருகும் சூட்டில்தான் ஜப்பானிலும் உருகும். மனிதன் விஷயத்தில் அவ்வளவு சுலபமாகக் கணக்குத் தீர்வதில்லை.

முதலில், மிஷெல் அந்தக் குழந்தைகளிடம் எதைத் தேடினார் என்று பார்க்க வேண்டும். யார் கெட்டிக்காரர், யார் கெட்டிக்காரர் இல்லை என்று பிரித்து முத்திரை குத்துவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஆசையை ஒத்திப்போடும்போது மனம் என்ன வித்தை செய்கிறது என்று அறியத்தான் அந்த மணியும் தட்டும். அதனால் சோதனையைப் பலவிதமாக மாற்றி மாற்றிச் செய்தார். சிலரிடம் தின்பண்டம் கண்ணெதிரே இருந்தது, சிலரிடம் மூடிவைக்கப்பட்டது. சிலரிடம், "இது தின்பண்டம் இல்லை, வெறும் படம் என்று நினைத்துக்கொள்" என்று சொல்லிவைத்தார்கள். வேறு சிலரிடம், வேடிக்கையான எதையாவது நினைத்துக்கொண்டிரு என்றார்கள். தட்டை மூடினாலோ நினைப்பை வேறு பக்கம் திருப்பினாலோ அதே வயதுப் பிள்ளைகள் வெகுநேரம் காத்திருந்தார்கள். பொறுமை பிறவியிலேயே வாய்த்த சரக்கு என்பதைவிட, சூழலைச் சற்றுத் திருத்தினால் கூடும் குறையும் என்பதுதான் அந்த ஆய்வுகளின் முதல் செய்தி. இது எந்த மேடையிலும் காதில் விழுவதில்லை.

பிற்காலக் கதை பிறந்ததே தற்செயலாக. மிஷெலின் மூன்று பெண்களும் அதே பாலர் பள்ளியில் படித்தவர்கள். கூடப் படித்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று வீட்டுப் பேச்சில் அவர்களிடம் கேட்கப்போய், சோதனையில் அதிக நேரம் காத்திருந்தவர்களைப் பற்றி நல்ல பேச்சே வருவதைக் கவனித்தார். பிறகு முறையாகத் தேடிப் பிடித்து விவரம் சேகரித்தார். 1990-ல் யூச்சி ஷோடா, பிலிப் பீக் ஆகியோருடன் சேர்ந்து அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்.

இந்த இடத்தில் எண்களை நிதானமாகப் பார்க்கலாம். சோதனையில் கலந்துகொண்ட குழந்தைகள் 653 பேர். அவர்களில் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. மதிப்பெண் கிடைத்தவர்கள் 94 பேர். தின்பண்டம் கண்ணெதிரே இருக்க, எந்த யோசனையும் சொல்லித்தராமல் விடப்பட்டவர்களிடம் மட்டும்தான் காத்திருப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. அப்படிப்பட்டவர்களில் மதிப்பெண் கிடைத்தவர்கள் 35 பேர். உலகம் முழுக்கச் சுற்றிய கதையின் அடியில் இருப்பது முப்பத்தைந்து பிள்ளைகள். அவர்களும் பெரும்பாலும் ஒரே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர், மாணவர் வீட்டுப் பிள்ளைகள். இவ்வளவு சிறிய கூட்டத்தில் தெரிகிற தொடர்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியக்கூடும் என்று கட்டுரையாளர்களே எச்சரித்திருந்தார்கள். கட்டுரை மேடைக்கு ஏறியபோது எச்சரிக்கை கீழேயே நின்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கை. 1968-ல் இதே மிஷெல் எழுதிய ஒரு நூல் ஆளுமை உளவியலையே உலுக்கியது. ஒருவர் ஓரிடத்தில் நடந்துகொள்வதை வைத்து அவர் வேறிடத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று சொல்ல முற்பட்டால் கணிப்பு பெரும்பாலும் மெலிதாகத்தான் இருக்கும், குணம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு சூழல் செய்யும் வேலை என்று அதில் வாதாடினார். அப்படிச் சொன்ன மனிதரின் சோதனையையே, நான்கு வயதில் நாற்காலியில் உட்கார்ந்த கால்மணி நேரத்தை வைத்து நாற்பது வயது வாழ்க்கையைச் சொல்லும் ஜாதகமாக மாற்றிவிட்டோம்.

2018-ல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹோனன் குவான் ஆகிய மூவரும் அதே கேள்வியைப் பெரிய அளவில் மறுபடி எடுத்தார்கள். அமெரிக்காவின் பல ஊர்களில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் தரவு அவர்களிடம் இருந்தது. 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் தாய் கல்லூரிப் படிப்பை முடிக்காத பிள்ளைகள்மேல் தனிக்கவனம் செலுத்தினார்கள். ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் கிடைக்காத பிள்ளைகள் இவர்கள்தான். காத்திருப்புக்கும் 15 வயதில் படிப்பில் காட்டிய திறனுக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் பழைய ஆய்வில் கண்டதில் ஏறக்குறையப் பாதி. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்ப அறிவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. மிச்சம் இருந்ததிலும் பெரும்பகுதி முதல் 20 வினாடிக்குள் தின்றவர்களுக்கும் அதைத் தாண்டியவர்களுக்கும் இடையிலான வேறுபாடுதான்.

பழைய பிங் பள்ளிப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்களில் 113 பேரை நாற்பதுகளின் நடுவயதில் தேடிப் பிடித்து வருமானம், சேமிப்பு, கடன் எல்லாம் விசாரித்த ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. நான்கு வயதுக் காத்திருப்பை மட்டும் வைத்து அவற்றில் எதையும் உருப்படியாகக் கணிக்க முடியவில்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் மிஷெலின் பெயரும் உண்டு. கட்டுரை அச்சாவதற்குள் அவர் காலமாகியிருந்தார்.

சரி, அப்படியானால் அந்தச் சோதனை அளந்தது எதை? இதற்கு எனக்குப் பிடித்த பதில் செலஸ்ட் கிட் என்பவருடையது. கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் அவர் தொண்டு செய்திருக்கிறார். இன்று இருக்கிற பொம்மை நாளை இருக்குமா என்று தெரியாத பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். இவர்கள் முன்னால் மார்ஷ்மெல்லோவை வைத்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தார். உடனே தின்பார்கள், அதுதான் புத்திசாலித்தனம் என்று அவருக்குத் தோன்றியது.

பின்னர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதனையாக்கினார். குழந்தைகள் 28 பேர், மூன்று முதல் ஐந்து வயது. மார்ஷ்மெல்லோவுக்கு முன்னால் ஒரு படம் வரையும் வேலை. "இந்தப் பழைய கிரேயானை வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறு, நான் போய் இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்" என்று ஆய்வாளர் போவார். பாதிப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்ல கிரேயான்கள் வந்தன. மீதிப் பாதிக்கு, "மன்னித்துக்கொள், நம்மிடம் வேறு இல்லை போலிருக்கிறது" என்ற பதில் வந்தது. ஒட்டுப்படம் விஷயத்திலும் அதே மாதிரி இன்னொரு முறை. அதற்குப் பிறகுதான் மார்ஷ்மெல்லோ. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் காத்திருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 14-க்கு 9, இரண்டாவது கூட்டத்தில் 14-க்கு 1.

28 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதான். மேலே 35-ஐக் குறை சொன்னவன் இதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்த அறையில் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்த ஒரு பொருளை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது. ஸ்டான்ஃபோர்டு அறையில் தட்டு, மணி, நாற்காலி இருந்தன என்று எழுதிவைத்தார்கள். பெரியவர்கள் சொன்னால் செய்வார்கள் என்று அதுவரை வாழ்ந்து பழகிய நம்பிக்கையும் அங்கே இருந்தது. அதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. குழந்தை வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்தது. என் அக்கா மகன் கேட்டது அதைப் பற்றித்தான். (இரண்டாவது மிட்டாயை டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினேன். அப்படியும் முதல் மிட்டாயைத் தின்றுவிட்டான். நான் அதற்கு முந்தைய வாரம் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போகாதது அவன் கணக்கில் இருந்ததோ என்னவோ.)

மிஷெலுக்கு இது புதிதாக இருந்திருக்காது. ஸ்டான்ஃபோர்டுக்கு வெகுமுன்பே, 1950களில், கரீபியத் தீவான டிரினிடாடில் அவர் இதேபோல ஓர் ஆய்வு செய்தார். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினரும், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப்போன இந்தியர்களின் வழிவந்தவர்களும் அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு எதிர்காலக் கவலையே இல்லை என்று இந்தியர்களும், இந்தியர்கள் வாழத் தெரியாத கஞ்சர்கள் என்று அவர்களும் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் மிஷெல் கேட்டார்: இப்போதே சின்ன மிட்டாயா, ஒரு வாரம் கழித்துப் பெரிய மிட்டாயா? இரு கூட்டத்துக்கும் வேறுபாடு தெரிந்தது. ஆனால் தந்தை வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சேர்த்துப் பார்த்தபோது இனத்தைவிட அதுவே அதிகம் பேசியது. வாக்குக் கொடுத்துவிட்டுப் போகும் ஆண் திரும்பி வருவான் என்ற அனுபவம் எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்பது அவர் கொடுத்த விளக்கம். 1958-ல் அச்சான கட்டுரை அது.

காத்திருப்பதற்கான பழக்கமும் வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு வேறு. 2022-ல் கய்ச்சி யனவோக்காவும் யூக்கோ முனகட்டாவும் வேறு ஆய்வாளர்களோடு சேர்ந்து ஜப்பான் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். தட்டில் தின்பண்டம் வைத்தபோது ஜப்பான் பிள்ளைகள் ஏறத்தாழ முழு நேரமும் காத்திருந்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் 4 நிமிடம்கூடத் தாங்கவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால், கிழக்கத்தியப் பிள்ளைகளின் கட்டுப்பாடு பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி தயாராகியிருக்கும். ஆய்வாளர்கள் அடுத்ததாகத் தின்பண்டத்துக்குப் பதில் பொதிந்த பரிசுப் பெட்டியை வைத்தார்கள். நிலைமை தலைகீழ். அமெரிக்கப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 15 நிமிடம் காத்திருக்க, ஜப்பான் பிள்ளைகள் 5 நிமிடத்துக்குள் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள்.

ஜப்பானில் எல்லாருக்கும் பரிமாறி முடிந்து, உண்ணும் முன் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்ன பிறகுதான் கை வைப்பார்கள். பிள்ளைகளுக்கு அது பள்ளியிலும் வீட்டிலும் தினப் பழக்கம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்குப் பல நாள் முன்பே மரத்தடியில் பரிசுகள் வந்து உட்கார்ந்திருக்கும்; அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும். விநாயகர் சதுர்த்தி அன்று பூஜை முடியும்வரை கொழுக்கட்டைத் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தும் தொடாத பிள்ளையை நமக்கும் தெரியும். அதே பிள்ளை மறுநாள் கடையில் வாங்கிய சாக்லேட்டை வாசல் படி இறங்குவதற்குள் தின்றுமிருக்கும். அவனுக்கு மனக்கட்டுப்பாடு இருக்கிறதா இல்லையா? கேள்வியே பிசகு. எதில், எங்கே, யார் முன்னால் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

இப்படி ஒரு செயலைப் பார்த்ததும் செய்தவரின் குணத்தைக் காரணமாகச் சொல்வது மனித மனத்தின் பொதுவான சாய்வு என்று உளவியல் பாடநூல்கள் எழுதிவந்தன. 1984-ல் ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் சிகாகோவிலும் மைசூரிலும் ஆட்களைக் கேட்டுப் பார்த்தார். தெரிந்தவர் ஒருவர் செய்த தவறான காரியத்தைச் சொல்லி, ஏன் செய்தார் என்று விளக்கச் சொன்னார். அமெரிக்கப் பெரியவர்கள் அவர் சுபாவமே அப்படி என்ற பக்கம் சாய்ந்தார்கள்; மைசூர்ப் பெரியவர்கள் அவருடைய பொறுப்பு, நிலைமை, உறவுச் சிக்கல் என்று சூழலை அதிகம் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏறத்தான் இரண்டு ஊர்களும் பிரிந்தன. எல்லா மனிதருக்கும் உரிய சாய்வு என்று எழுதப்பட்டது, ஓர் ஊரில் வளர்ந்து கற்றுக்கொள்ளும் பழக்கமாகவும் இருக்கலாம். மார்ஷ்மெல்லோ கதையை நாம் இறக்குமதி செய்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே வாங்கிக்கொண்டோம் என்று எனக்கொரு சந்தேகம்.

ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைனி, அரா நோரென்சயான் ஆகியோர் 2010-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஓரிடத்து மனிதரை வைத்து எல்லா மனிதரையும் சொல்லிவிடும் இந்தக் குறை பரவலாகப் பேசப்படுகிறது. உளவியலின் முன்னணி ஆய்விதழ்களில் வந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாட்டினர். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான் என்ற கணக்கை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அந்தப் பன்னிரண்டு சதவீதத்திலும் ஆய்வாளரின் கைக்கு எட்டியவர்கள் கல்லூரி மாணவர்கள். மதிப்பெண்ணுக்காக ஆய்வில் கலந்துகொள்ளும் பத்தொன்பது வயது மாணவரின் மனம் மனித மனம் என்ற பெயரில் பாடநூலுக்குள் போய்விட்டது.

ஆட்கள் வேறு என்பது பாதிப் பிரச்சினை. அதே ஆட்கள்கூட, ஆய்வகம் அவர்களிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டது என்பதைப் பொறுத்து வேறாக நடப்பார்கள். நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் 1964 மார்ச்சில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவ்வளவு பேர் முழுதாகப் பார்க்கவில்லை, சிலர் சத்தம் போட்டார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. அந்தச் செய்தியில் பிழை இருந்ததை அந்த நாளிதழே 2016-ல் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தச் செய்தி கிளப்பிய கேள்வியிலிருந்து ஒரு நல்ல சோதனை பிறந்தது. ஜான் டார்லி, பிப் லட்டானே இருவரும் 1968-ல் வெளியிட்டது. மாணவர்கள் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியாக மட்டும் பேசிக்கொள்வார்கள். திடீரென்று ஒரு குரல் திணறும், வலிப்பு வருகிறது என்று உதவி கேட்கும். (குரல் முன்பே பதிவு செய்யப்பட்டது.) கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் குரல் ஓய்வதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேரே எழுந்தார்கள். கூட்டம் கூடினால் பொறுப்பு சிதறும் என்பது முடிவு.

அந்தச் சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அது எப்படிச் சொல்லப்பட்டது என்பதில்தான் வழுக்கல். 'தெருவில் உங்களுக்கு ஏதாவது ஆனால் கூட்டம் வேடிக்கை பார்க்கும்' என்று ஆனது. ரிச்சர்ட் ஃபில்பாட்டும் அவர் குழுவினரும் இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச்சண்டைகளை உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட சண்டைகளில் சுற்றி நின்றவர்களில் ஒருவராவது தலையிட்டிருந்தார்: நடுவில் புகுந்து விலக்கினார், கையைப் பிடித்து இழுத்தார், அடிபட்டவரைத் தேற்றினார். கூட்டம் பெரிதாக இருந்தால் யாராவது ஒருவர் வருவதற்கான வாய்ப்பும் கூடியது. மூன்று ஊர்களுக்கும் வன்முறையில் எவ்வளவோ வித்தியாசம். இதில் வித்தியாசம் இல்லை.

இரண்டு ஆய்வும் மோதிக்கொள்வதாகத் தோன்றும். மோதவில்லை. டார்லியும் லட்டானேயும் ஒரு தனி ஆள் எழுவாரா என்று கேட்டார்கள். அடிபடுகிறவருக்கு வேண்டியதோ, யாராவது ஒருத்தர் வருவாரா என்பது. அதைவிட முக்கியம், ஆய்வகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்களா என்று தெரியவே தெரியாது. தெருவில் கண் இருக்கிறது. 'ஏய், விடுப்பா' என்று முதல் குரல் வந்ததும் இன்னும் இரண்டு பேர் முன்னால் வருவதைப் பேருந்து நிலையத்தில் பார்த்திருப்போம். சோதனை தன் காரியத்துக்காகக் கண்களை அகற்றியது, அது நியாயம். வெளியே கொண்டுவந்தவர்கள் கண்களைத் திரும்ப வைக்க மறந்துவிட்டார்கள்.

வெளியே கொண்டுவரும்போது விளைவு எவ்வளவு மெலியும் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோலும் உண்டு. கடிதத்தில் ஒரு வரியை மாற்றுவது, படிவத்தைச் சுருக்குவது போன்ற சின்னத் தூண்டுதல்களால் மக்கள் நடத்தையை மாற்றலாம் என்ற ஆய்வுகள் பெரும் புகழ் பெற்றன. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, எலிசபெத் லினோஸ் இருவரும் இதழ்களில் வெளியான அத்தகைய சோதனைகளை, அமெரிக்காவில் இதற்கென்றே இயங்கும் இரண்டு பெரிய அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளோடு ஒப்பிட்டார்கள். பின்னதில் மட்டும் 2 கோடியே 30 லட்சம் பேர். இதழ்க் கட்டுரைகளில் சராசரி முன்னேற்றம் 8.7 சதவீதப் புள்ளி. களத்தில் 1.4. வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம், நன்றாக வந்த சோதனைகளே அச்சேறுவது. வராதவை அலமாரியில் தூங்கும். 1.4 என்பது பூஜ்யம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கடிதச் செலவில் கிடைப்பதற்கு அது மோசமில்லை. 8.7-ஐ நம்பித் திட்டம் தீட்டியவருக்குத்தான் கஷ்டம்.

இனி நம் ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு கதை. தத்துவவியலாளர் நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டியோடு சேர்ந்து 2012-ல் எழுதிய நூலில் இதை விரிவாக எடுத்தாள்கிறார். அங்கே படித்தபோது தமிழ்நாட்டின் பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

1980-ல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. குழந்தைகள் மெலிந்துபோவதற்கு வறுமை மட்டும் காரணமில்லை, எதை எப்போது எவ்வளவு ஊட்ட வேண்டும் என்று தாய்க்குச் சரியாகத் தெரியாததும் காரணம் என்பது திட்டத்தின் கணிப்பு. எனவே ஊர்தோறும் ஒரு பெண் ஊழியர். ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பார். அட்டையில் கோடு ஏறுகிறதா என்று தாய்க்குக் காட்டுவார். ஏறவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு மட்டும் சில மாதம் சத்துருண்டை. கூடவே தாய்க்குப் பேச்சு, செய்முறை, அறிவுரை. கடும் ஊட்டக்குறை கண்கூடாகக் குறைந்தது. வளரும் நாடுகளுக்கெல்லாம் உதாரணமாகப் பேசப்பட்ட திட்டம் அது.

1990களின் நடுவில் அதன் சாயலில் பங்களாதேஷிலும் ஓர் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. பக்கத்து நாடு, அதே அரிசிச் சோறு, அதே வறுமை, அதே எடை அட்டை. தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள். குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. மதிப்பீடு செய்யப் போனவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே கிராமத்தில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியில் யாருக்கு எவ்வளவு என்று அளந்து போடுவது மாமியார். நடுவில் இருக்கும் இளம் தாய்க்கு எல்லாம் தெரியும். எதுவும் அவள் கையில் இல்லை. குழந்தைக்கென்று கொடுத்த உணவும் பல வீடுகளில் வழக்கமான சாப்பாட்டுக்குப் பதிலாக ஆனது, அல்லது மற்றவர்களுக்கும் பங்கு பிரிந்தது.

தமிழ்நாட்டில் மாமியார்கள் இல்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருந்தார்கள், வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஆனாலும் பிள்ளைக்கு என்ன வாங்குவது, என்ன ஊட்டுவது என்பதில் இங்கே தாய்க்கு ஓரளவு பிடி இருந்தது; கடைக்கும் அவளே போனாள். அந்தப் பிடி திட்டத்தின் கையேட்டில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை, ஏனென்றால் அதை யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை. அது முன்பே இருந்தது. பந்தலைப் பிரித்து வேறு ஊருக்கு வண்டியில் ஏற்றும்போது ஓலையையும் துணியையும் சுருட்டிக்கொண்டு போவார்கள். மண்ணில் ஆழ ஊன்றிய கால் ஒன்றிரண்டு பிடுங்க வராமல் அங்கேயே நின்றுவிடும். ஸ்டான்ஃபோர்டு பிள்ளைகளின் நம்பிக்கை அப்படி ஒரு கால். தெருவில் நிற்பவர்களின் கண் இன்னொன்று.

அதனால்தான் 'மறுபடி செய்து பார்த்தால் இதே முடிவு வருமா' என்பதும் 'வேறிடத்தில் வேலை செய்யுமா' என்பதும் ஒரே கேள்வி இல்லை. முதல் கேள்வியிலேயே உளவியல் நிறைய அடி வாங்கியிருக்கிறது. 2015-ல் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெரிய கூட்டு முயற்சியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் தேறியது. ஆனால் தமிழ்நாட்டில் இன்னும் பத்துமுறை செய்திருந்தாலும் அந்த ஊட்டச்சத்துத் திட்டம் பத்துமுறையும் ஜெயித்திருக்கலாம். பங்களாதேஷில் என்ன நடக்கும் என்று அந்தப் பத்தும் சொல்லியிருக்காது. அதற்கு அந்த ஊர்ச் சந்தையில் ஒருநாள் காலையில் நின்று, பையோடு வருகிறவர்கள் ஆணா பெண்ணா என்று எண்ணியிருந்தால் போதும். எடைபோடும் நாளில் மாமியார்களுக்கும் ஒரு பாய் விரித்து உட்காரவைத்திருக்கலாம்.